மாலையைக் கட்டியவள்

எங்கள் அகதி விடுதிக்கு அவள் முதல் தடவை வந்த அன்று, அவளும் எங்களைப் போல வந்து மாட்டிக்கொண்டவள் என்றுதான் நினைத்தோம். எங்கள் நிறம், கறுத்த தலைமயிர், ஒற்றைப் பின்னல். விடுதியில் எல்லோருக்கும் மூத்தவரான அக்கா ஒரு தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டு நீட்டி, "எந்த இடம் பிள்ளை?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் சிரித்தபடி வாங்கிக் கையாலேயே சாப்பிட்டாள். உறைப்புக்குக் கண்கூடக் கலங்கவில்லை. தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தாள். அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. கொடுத்த சோற்றைத் திருப்பிக் கேட்க முடியாதே.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி, ஒரு காலத்தில் பிரயாணிகள் தங்கிப்போன பழைய கட்டடம் ஒன்றில் எங்களை வைத்திருந்தார்கள். வேலை செய்யக்கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. சமையலறை ஒன்று, அடுப்பு மூன்று, சண்டைக்குக் குறைவில்லை. ஆண்கள் சீட்டு விளையாடினார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் கண்காணித்தோம். அதில் முதல் இடம் எனக்குத்தான். புருஷன் இல்லாமல் வந்தவள், ஆனால் நெற்றியில் குங்குமத்தோடு வந்தவள்.

என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். எண்பத்துநாலில் ஒரு காலை, வவுனியாவுக்குப் போன பஸ்ஸை ஆமிக்காரர் மறித்து இளம் ஆண்களை மட்டும் இறங்கச் சொன்னார்கள். அவரும் இறங்கினார். பஸ் அவர் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று எல்லா முகாமிலும் ஒரே பதில் சொன்னார்கள். அடுத்ததாக என்னைத் தேடி வருவார்கள் என்று பயந்து, என் வீட்டார் என்னைக் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே அனுப்பிவைத்தார்கள். இரண்டு சேலை, கழுத்தில் தாலி, அவருடைய ஒரே ஒரு படம், இவைதான் என்னோடு வந்தவை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று அந்த விடுதியில் நம்பியது நான் ஒருத்திதான். மற்றவர்கள் வாயால் ஓம் என்றார்கள், கண்ணால் என் குங்குமத்தைப் பார்த்தார்கள்.

அன்று சோறு சாப்பிட்டவள் ஓவியம் வரைகிறவள். லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவள். தாயும் தகப்பனும் மெக்சிக்கோவிலிருந்து வந்து திராட்சைத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளை அமெரிக்கர்கள் மெக்சிக்கோக்காரர் என்று தள்ளினார்களாம், மெக்சிக்கோவில் இருந்தவர்கள் அமெரிக்கர் என்று தள்ளினார்களாம். அதனால் இவளுடைய தலைமுறை, ஒரு காலத்தில் வசையாக இருந்த சிக்கானோ என்ற சொல்லையே தங்களுக்குப் பெயராக எடுத்துக்கொண்டது. ஓவியக்கூடங்கள் இவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஆகவே கடைச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், பாலத்தின் அடி என்று கண்ட இடத்தில் எல்லாம் வரைந்தார்கள். வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர், பொலிஸ் சுட்ட பிள்ளைகள், சோளம் அரைக்கும் பெண்கள், பழைய தெய்வங்கள் எல்லாம் ஒரே சுவரில். பிறகு ஒரு அமெரிக்கச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு ஸ்டுட்கார்ட்டில் இருந்த அவர்களுடைய தளத்துக்கு வந்திருக்கிறாள். சிப்பாய் திரும்பிப் போய்விட்டான். இவள் போகவில்லை.

எங்கள் சிறு நகரத்து இளைஞர் மண்டபத்தின் வெளிச்சுவரில் படம் வரைய அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அகதிகளை வரையப் போவதாகச் சொன்னாள். எனக்குக் கான்வென்ட் இங்கிலீஷ் இருந்ததால் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கோடை முழுக்க அவளோடு சுவரோரம் கட்டிய சாரத்தில் ஏறி நின்றேன். சாப்பாட்டுப் பொதிக்கு நாங்கள் வரிசையில் நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால் அவளுடைய ஆட்கள் மண்வெட்டியோடு கூலிக்கு வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு வரிசையும் ஒரே கதவுக்குப் போகிறது. அதுதான் படம். அக்கா வந்து தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, "என்னை இப்பிடி உருண்டையாக் கீறிப்போட்டாள். திண்ட சோத்துக்கு நன்றி இல்லை" என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்ததற்குக் கணக்கே இல்லை. அந்த ஊரில் என் கணவரைப் பற்றி நிகழ்காலத்தில் என்னிடம் கேட்டவள் அவள்தான். என்ன சாப்பிடுவார், எப்படிச் சிரிப்பார், பாடுவாரா என்று தூரிகையை வைத்துவிட்டுக் கேட்பாள். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இலையுதிர் காலத்தில் இன்னொரு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். மூடிப்போன பால் தொழிற்சாலை ஒன்றை நகரசபையார் கலை மண்டபமாக மாற்றியிருந்தார்கள். அதில் நவம்பர் தொடக்கத்தில் ஒரு காட்சி. "என் அம்மா வருடாவருடம் வீட்டில் படி கட்டி, படங்களும் பூவும் சாப்பாடும் வைப்பாள். நாங்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தோம், பிறகு மண்டபத்துக்கும் கொண்டுபோனோம். இந்த வருடம் அரசுகள் பிடித்துக்கொண்டு போன ஆட்களின் படங்களை வைக்கப் போகிறேன். பத்திரிகைக்காரர் வருவார்கள். உன் கணவரின் படத்தைத் தருவாயா?" என்று கேட்டாள்.

படி, பூ, சாப்பாடு என்றதும் எனக்கு நவராத்திரிதான் நினைவுக்கு வந்தது. அதுவும் அப்போதுதான் முடிந்திருந்தது. நவம்பர் தொடக்கத்தில் படி கட்டினால் அது எதற்கு என்று தன் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும் என்பதால் அவள் விளக்கவில்லை. ஜெர்மன்காரருக்கும் அந்த நாட்கள் கல்லறைக்குப் போகும் நாட்கள்தான். தெரியாதவர்கள் நாங்கள் மட்டும். பத்திரிகையில் அவர் முகம் வந்தால் யாராவது கொழும்பில் கேள்வி கேட்பார்கள், கேட்டால் எந்த முகாமிலாவது ஒரு கதவு திறக்கும் என்று எனக்கு ஆசை. படத்தைக் கொடுத்தேன்.

பூவையும் நானே கேட்டு வாங்கினேன். அவள் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து கூடை கூடையாகச் செவ்வந்தி கொண்டுவந்திருந்தாள். ஆரஞ்சும் மஞ்சளும், ஊரில் பார்க்கிற அதே பூ. அதைக் கம்பியில் குத்தப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. விடுதிச் சமையலறையில் பாயை விரித்து நானும் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்துகொண்டோம். அக்கா பூவை ஆய்ந்து தர, நான் ஊசி இல்லாமல் நூலில் முடிச்சுப் போட்டு நெருக்கமாகக் கட்டினேன். வாசலுக்குத் தோரணம், படிக்குத் தொங்கல், விருந்தாளிகளுக்கு ஏதாவது என்று நாங்களே பங்கிட்டுப் பேசிக்கொண்டோம். ஜெர்மனிக்கு வந்த பிறகு அந்தப் பெண்கள் என்னை நடுவில் உட்காரவைத்துச் சிரித்துப் பேசியது அன்றுதான். அதிலும் ஒரு மாலையைப் பிரத்தியேகமாக, ஒரு பூ ஆரஞ்சு ஒரு பூ மஞ்சள் என்று மாற்றி மாற்றிக் கட்டினேன். ஓவியம் வரைகிறவளின் கழுத்தில் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

திறப்பு விழாவுக்கு விடுதியில் எல்லோரும் வெளிக்கிட்டு வந்தோம். அக்கா காஞ்சிபுரம் கட்டி, மேலே நன்கொடையாய் வந்த ஆண்கள் கோட் போட்டிருந்தார். மண்டபம் நிறைய ஜெர்மன்காரர், கையில் வைன் கிளாஸ். வாசலில் தோரணம் இல்லை. உள்ளே சுவரோடு பெரிய படிகள், படி எல்லாம் செவ்வந்தி, எண்ண முடியாத மெழுகுவர்த்திகள். ரொட்டி, உப்பு, தண்ணீர், சீனியில் செய்த மண்டையோடுகள். ஒவ்வொரு மண்டையோட்டின் நெற்றியிலும் ஒரு பெயர். உச்சியில் அமெரிக்கச் சீருடையில் ஒரு பையன். அவளுடைய அண்ணன், வியட்நாமில் செத்தவன் என்று எனக்குச் சொல்லியிருந்தாள். அவனுக்குக் கீழே, நடுப்படியில், என் கணவர். நான் மாற்றி மாற்றிக் கட்டிய மாலை அவர் படத்தில் கிடந்தது. படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. பக்கத்தில் சீனி மண்டையோடு, அதன் நெற்றியில் என் கணவரின் பெயர்.

உயிரோடு இருக்கிறவருக்கு மாலையைக் கழுத்தில் போடுவார்கள். படத்துக்கு மாலை போட்டு முன்னால் விளக்கு வைத்தால் ஆள் இல்லை. எங்களில் ஒருவருக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. என் பின்னால் வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அக்காவின் கை என் தோளில் விழுந்தது. அடுத்த மூச்சில் அவர் ஒப்பாரி வைத்தார். நல்ல குரல் அக்காவுக்கு. வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்தது போல அந்தத் தொழிற்சாலைக் கூரை அதிர அழுதார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஜெர்மன்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாக விலகி வட்டமாக நின்றார்கள். நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் படியில் ஏறினேன். மெழுகுவர்த்தி சேலையில் பட்டது, பொருட்படுத்தவில்லை. மாலையைப் பிடித்து இழுத்தேன். நெருக்கமாகக் கட்டிய மாலை சுலபத்தில் அறுமா? இரண்டு கையாலும் பிய்த்தேன். பூ அவர்களுடைய சப்பாத்துக்கால்களில் போய் விழுந்தது. மண்டையோட்டைத் தூக்கி நிலத்தில் அடித்தேன். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பியபோது கை தட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு மண்டபமே. ஒருவன் முழங்காலில் நின்று படம் எடுத்தான்.

நான் அவளைத் தேடினேன். அவள் சுவரோடு நின்றாள். கை தட்டவில்லை, அழவும் இல்லை.

"ஏன் செய்தாய்? அவர் சாகவில்லை என்று உனக்குத் தெரியும்" என்றேன்.

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

"தெரியாதவருக்கு நீ எப்படி மாலை போடலாம்?"

"எங்களில் இது அன்பு. இந்த நாட்களில் போனவர்களை வா, வந்து சாப்பிட்டுப் போ என்று கூப்பிடுவது" என்றாள். பிறகு, நான் கேட்காததையும் சொன்னாள். "என் அம்மா நாலு வருடம், காணாமல்போன அண்ணனுக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்துக்கொண்டு இருந்தாள். அந்தத் தட்டுத்தான் அவளைத் தின்றது. கடைசியில் நான்தான் அவன் படத்தைத் தெருவில், எல்லோரும் பார்க்க வைத்தேன். ஒருவர் வைக்கத்தான் வேண்டும். நீயும் ஒரு நாள் வைப்பாய்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம்கூட இல்லை. வைத்தியர் சொல்வது போலச் சொன்னாள். அவளை அறைய வேண்டும் என்று இருந்தது. கையில் படம் இருந்தது, அதனால் அறையவில்லை.

மறுநாள் காலை நான் சமையலறைக்குப் போனபோது நான் சமைக்கிற அடுப்பில் யாரோ துணி போட்டு மூடியிருந்தார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது அல்லவா. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக என் அறைக்கு வந்தார்கள். ஒருத்தி புட்டு, ஒருத்தி கோப்பி, ஒருத்தி சீனிப் பையோடு வந்தாள். ஆண்கள் நடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா என் கட்டிலில் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"பிள்ளை, இனியும் அந்தக் குங்குமம் வேண்டாம்."

"அவர் செத்தவர் எண்டு ஆர் சொன்னது அக்கா?"

"படத்துக்கு மாலை போட்டாச்சு, விளக்கும் வைச்சாச்சு. பிறகு ஆர் சொல்லவேணும்?"

"அந்த விசரி போட்டது. நான் போடேல்லை."

"கட்டினது நீர்தானே பிள்ளை. நான் பக்கத்தில இருந்து பூ ஆய்ஞ்சு தந்தனான்."

அவர்கள் கொண்டுவந்த புட்டைத் தட்டோடு கொண்டுபோய் அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே குப்பையில் கொட்டினேன். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினேன். அன்றிலிருந்து அந்த விடுதியில் எனக்கு விசரி, பைத்தியக்காரி என்று பெயர். ஓவியக்காரிக்கு நான் வைத்த பெயர் எனக்கே திரும்பி வந்தது.

டுசல்டோர்ஃபில் கணவரின் தமையன் இருந்தார். படிக்க வந்து வேலையோடு தங்கிவிட்டவர். விடுதியில் யாரோ அவருக்குப் போன் செய்தார்கள். அவர் என்னிடம் ஒரு சொல் கேட்காமல் ஊரில் தாய்க்கு அறிவித்தார். மாமி நாள் பார்த்து, தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, கீரிமலைக் கடலில் அந்தியேட்டிக் கிரியையும் முடித்துவிட்டார். பிறகுதான் எனக்குத் தெரியும். பெண்சாதியே மாலை கட்டிவிட்டாள், இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று சொன்னாராம். மகனை எதிர்பார்த்திருந்து களைத்துப்போன மனுஷி. அந்தச் செய்தியில் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்க வேண்டும். நான் அவரை மன்னிக்கவில்லை.

நான் பிய்த்த மாலையை ஓவியக்காரி அப்படியே விட்டிருந்தாள். நடுப்படியில் படம் இருந்த வெற்று இடம், சிதறிய பூ, உடைந்த சீனி. பத்திரிகை அதைத்தான் புகழ்ந்து எழுதியது. அதில் வந்த படத்தில் என் வாய் திறந்திருந்தது. கணவரின் முகம் என் மார்புக்குள் மறைந்திருந்தது. அவர் முகம் வரவேண்டும் என்றுதானே கொடுத்தேன். குளிர்காலத்தில் அவள் விடுதிக்கு வந்து, காட்சியைக் கொலோனுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றாள். திறப்பு அன்று நான் வந்து அந்த மாலையை இன்னொரு தடவை பிய்க்க முடியுமா என்று மண்டபத்தார் கேட்கிறார்களாம். மாவட்ட எல்லையைத் தாண்டும் அனுமதியைத் தாங்களே எடுத்துத் தருவார்களாம்.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"உன்னிடம் கேட்பதாகச் சொன்னேன். கேட்டுவிட்டேன்."

"வருகிறேன். ஆனால் உன் அண்ணனின் படத்தைப் பிய்க்கிறேன். அதற்கும் கை தட்டுவார்கள்."

அவள் வெளுத்துப்போனாள். கோட்டைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டே பனியில் இறங்கிப் போனாள். எனக்கு அன்று முழுவதும் நல்ல பசி, இரண்டு தடவை சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் குங்குமம் வைத்த விதவை. பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் சாமத்தியச் சடங்குக்கு எனக்குச் சொல்வதில்லை. அகதி வழக்கு விசாரணைக்கு டெர்மீன் என்கிற தவணை நாள் கிடைத்தவர்கள், காலையில் என் முகத்தில் விழித்தால் காரியம் கெட்டுவிடும் என்று, நான் அறைக்குள் போகும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருந்து வெளிக்கிடுவார்கள். முழிவியளம் என்ற சொல்லை ஊரில் கேட்டதைவிட ஜெர்மனியில்தான் அதிகம் கேட்டேன். அக்காவுக்கு டெர்மீன் வந்த அன்று விடியவே எழும்பித் தலை முழுகி, வாசற்படியில் போய் நின்றேன். அக்கா யன்னலால் எட்டிப் பார்த்தார். நான் அசையவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கடந்து ஓடினார். அன்றைக்கு அவருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. வெளியே வீடு கிடைக்காமல் விடுதியிலேயே இருந்தும் எனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

எண்பத்தேழில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து, தெற்கே தடுப்பு முகாம்களில் வைத்திருந்தவர்களை விட்டார்கள். தமையன் டுசல்டோர்ஃபிலிருந்து போன் செய்து, "அவன் வந்திட்டான்" என்றார். நான் ரிசீவரை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ரவை வறுத்தேன். கேசரி கிண்டி, ஒரு கதவு விடாமல் தட்டி, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக் கொடுத்தேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஆண்டவன் இருக்கிறான் பிள்ளை" என்றார். "ஓம் அக்கா, அவரும் இருக்கிறார்" என்றேன். அந்தக் கேசரி அளவு ருசியாக நான் எதுவும் சமைத்ததில்லை. நான் அன்று பழிதான் தீர்த்தேன், சந்தோஷப்படவில்லை. சந்தோஷத்தை அவருடைய குரலைக் கேட்கும்வரை தள்ளி வைத்திருந்தேன்.

அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று எடுத்தார். விடுதிப் பொறுப்பாளரான ஜெர்மன்காரரின் அறையில் போன் இருந்தது; அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு வெளியே போனார்.

"நான்தான் கதைக்கிறன்."

"ஓம்" என்றேன். மூன்று வருடமாக எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டன். வீட்டில என்ரை படம் மாலையோட தொங்குது. கழட்டப் போனன், அம்மா விடுறா இல்லை. காரியம் செய்த படமாம், ஐயர் நாள் பாத்துச் சாந்தி செய்துதான் கழட்டவேணுமாம். நான் அதுக்குக் கீழ இருந்து சாப்பிடுறன்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு நான் ஓவியக்காரிக்குச் சொன்ன சிரிப்பு இல்லை. பிறகு கேட்டார். "முதல் மாலை நீர்தான் கட்டினீராம். உண்மையோ?"

"ஓம், நான்தான் கட்டினனான். ஆனா அது எதுக்கெண்டு எனக்குத் தெரியாது. வடிவாச் சொல்லுறன், கேளுங்கோ."

"இப்ப வேண்டாம். பின்னுக்கு ஆக்கள் நிக்கினம். அடுத்த கிழமை எடுக்கிறன், அப்ப அவசரமில்லாம ஆறுதலாச் சொல்லும்."

அந்தக் கிழமை முழுக்க நான் சொல்லப் போவதை மனதுக்குள் அடுக்கினேன். பால் தொழிற்சாலையிலிருந்து தொடங்குவதா, நவராத்திரியிலிருந்து தொடங்குவதா, அவளுடைய அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் புரியுமா என்று சட்டியைத் துலக்கும்போதும் அதே யோசனை. ஐப்பசி பிறப்பதற்குள் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியது. போன் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் மாமிக்கு மருந்து வாங்கப் போனவர் மேல் ஷெல் விழுந்தது என்று, பல நாள் கழித்துத் தமையன் சொன்னார். மாமி படத்தில் கை வைக்கவில்லையாம். ஐயர் குறித்துக் கொடுத்த நாள் இன்னும் வந்திருக்கவில்லை. மாலை ஏற்கெனவே கிடந்தது.

நான் சமையலறைக்குப் போய், மூன்று அடுப்பிலும் நின்ற பெண்களுக்குச் சொன்னேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒருத்தி அகப்பையைக் கீழே வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"பிள்ளை, இந்த முறை வடிவா விசாரிச்சுப்போட்டுச் சொல்லும்."

ஒருவரும் வரவில்லை. புட்டு வரவில்லை, கோப்பி வரவில்லை, என் அடுப்பை யாரும் மூடவில்லை. கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் துக்கம் விசாரிக்கலாம், அதை அவர்கள் முறையாகச் செய்து முடித்துவிட்டார்கள். நானும் அதைக் குப்பையில் கொட்டியவள்தானே. அழ வேண்டும் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகைக்குப் பதிலாக அடுத்த கிழமை எடுக்கிறன் என்ற குரல்தான் வந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பகலில் கதவு தட்டினார்கள். ஓவியக்காரி நின்றாள். பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. பழைய சீமெந்துப் பை ஒன்று நிறைய செவ்வந்தி. முதல் பனிக்குத் தப்பிய கடைசிப் பூக்கள், பாதி கருகியவை. எனக்குக் கதவைச் சாத்தத்தான் கை போனது. ஆனால் நடையில் மூன்று கதவு கொஞ்சம் கொஞ்சம் திறந்திருந்தது. அவர்கள் பார்க்கட்டும் என்று அவளை உள்ளே விட்டேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வேண்டாம் என்றேன். கணவரின் படத்தை எடுத்து மேசையில் நிறுத்தினேன். நூல்கட்டையை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"இந்த முறை நீ கட்டு."

"எனக்குத் தெரியாதே. ஊசி இருக்கிறதா?"

"இல்லை" என்றேன். யன்னலோரத் தகரப் பெட்டியில் மூன்று ஊசி இருந்தது.

அவள் கட்டினாள். முடிச்சு நழுவியது. காம்பு முறிந்தது. குளிரில் விறைத்த விரலை ஊதி ஊதி மறுபடி தொடங்கினாள். நான் எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முடிச்சுக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. நடுவில், தலையைத் தூக்காமல், தெருவில் அண்ணனின் படத்தை வைத்த அன்று அவளுடைய தாயும் வந்து பூவைப் பிய்த்தாள் என்றாள். சாகும்வரை தன்னோடு பேசவில்லை என்றாள்.

"அப்படியென்றால் நான் என்ன செய்வேன் என்று உனக்கு முன்பே தெரியும்" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே கட்டினாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன்.

மத்தியானம் கழிந்து வெளிச்சம் மங்கும்போது முடிந்தது. கோணல் மாலை, ஓர் இடத்தில் நெருக்கம், ஓர் இடத்தில் வெறும் நூல். கை நீட்டி வாங்கிக்கொண்டேன். சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தேன். மாலையைப் படத்துக்குப் போட்டேன். மெழுகுவர்த்தியை அவள் கொளுத்தினாள். அப்போதும் அவள் கண் மேசையை, படத்தை, துடைத்த என் நெற்றியைத் தன்னையறியாமல் அளவெடுத்ததைக் கண்டேன். "இதை வரையக் கூடாது" என்றேன். தலையாட்டினாள். வரைந்தாளா என்று தெரியாது, நான் போய்ப் பார்த்ததில்லை.

அவள் போன பிறகு கதவைச் சாத்தவில்லை. நடையில் போகிற வருகிற எல்லோரும் பார்க்கத்தக்கதாகத் திறந்து வைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பால் தொழிற்சாலையிலிருந்து தொடங்கி ஆறுதலாகச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். கடைசியில், இந்த மாலையைக் கட்டினது நான் இல்லை என்றும் சொன்னேன்.